ஒன்பது வீட்டுத் தண்ணீர்

கரியக்கா என்று இன்று நாலு தெருவும் அவளைக் கூப்பிடுகிறது. நிறத்தை வைத்து வந்த பேர் இல்லை, கையை வைத்து வந்த பேர். நகக்கண்ணில் எப்போதும் ஒரு கோடு கரி ஒட்டியிருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது, எலுமிச்சைத் தோல் வைத்துத் தேய்த்தாலும் போகாது. ஆரம்பத்தில் யாராவது கையைப் பார்த்தால் சட்டென்று பின்னால் மறைத்துக்கொள்வாள். இப்போது மறைப்பதில்லை.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அவள் பார்த்தது கையே தேவைப்படாத வேலை. குரல் இருந்தால் போதும். வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு தொலைபேசி, காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி. தண்ணீர் மெதுவாக வருகிறது, வாடை வருகிறது, மெஷின் சிவப்பு விளக்கு காட்டுகிறது என்று காலையிலிருந்து மாலை வரை யாராவது முறையிட்டுக்கொண்டே இருப்பார்கள். அத்தனை பேருக்கும் அவள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "கார்ட்ரிட்ஜ் மாத்தணும்ங்க."

கழற்றிய பழைய கார்ட்ரிட்ஜ்களை மெக்கானிக்குகள் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து பின்கட்டு அறையில் அடுக்குவார்கள். வாரம் ஒருமுறை குப்பை வண்டி வரும். ஒருநாள் சாக்கு ஒன்று கிழிந்து, அவள் நடந்து போகும் வழியெல்லாம் வெள்ளைக் குழாய்கள் உருண்டு கிடந்தன. அவளே குனிந்து பொறுக்கினாள். முழங்கை நீளக் குழாய்கள். மேலே ஒரு கீறல் இல்லை. மூடி பளபளவென்று இருந்தது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கரிமணிகள் சலசலத்தன. கெட்டுப்போனது அந்தக் கரி மட்டும்தானே, அதற்காக எதற்குக் குழாயோடு சேர்த்து எறிகிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

மேலாளரிடம் போய்க் கேட்டே விட்டாள். "சார், உள்ள இருக்கற கரியை மட்டும் மாத்தித் தர முடியாதா?"

மேலாளர் நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டார். "ஏம்மா, அப்புறம் நாம எதை விக்கறது?"

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து நான்கு நாள் அவள் குரலைப் பதிவு செய்தது. "வணக்கம். புதிய மெஷின் வாங்க எண் ஒன்றை அழுத்தவும். கார்ட்ரிட்ஜ் மாற்ற எண் இரண்டை அழுத்தவும்." தேன் மாதிரி குரல் என்று எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் முதல் தேதி அலுவலகத்துக்குப் போனபோது அவள் மேசை அங்கே இல்லை. அவள் வேலையை வேறு யாரும் பறிக்கவில்லை. அவள் குரலே பறித்துக்கொண்டது.

அழுதுகொண்டு வெளியே வரவில்லை. ஆனால் வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. பின்கட்டு அறைக்குப் போனாள்.

"அண்ணே, இந்தச் சாக்குல ரெண்டு எடுத்துக்கட்டுமா?"

ஸ்டோர்காரர் விநோதமாகப் பார்த்தார். "குப்பைக்குப் போறதுதானே, தாராளமா எடுத்துக்கங்க. இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல," என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார், அதிலும் ஒன்று "ம்" ஆக இருக்கும். கணவரின் தங்கை ஒரு கல்லூரியில் உயிரியல் ஆய்வுக்கூட உதவியாளர். கல்யாணம் முறிந்து மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அண்ணன் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அவள் பேசித் தீர்ப்பாள். எதையும் வாய்வார்த்தையாக நம்ப மாட்டாள். பால் காய்ச்சியாயிற்று என்று சொன்னால் மூடியைத் திறந்து பார்ப்பாள். வெளிக்கதவைப் பூட்டியாயிற்று என்றால் போய் இழுத்துப் பார்ப்பாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை கிடையாது. ஆனால் ஒரே அடுப்படியில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு சாக்கும் பின்பக்க பால்கனிக்குப் போயின. முதல் குழாயை ரம்பத்தால் அறுத்தாள். இரண்டு துண்டாகிப் பயனில்லாமல் போயிற்று. இரண்டாவதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள், மூடி உடைந்தது. எட்டாவது குழாயில் கணவர் டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றார்.

"மூடியில ஓட்டை போடு," என்றார். அன்றைக்கு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஓட்டை வழியாகப் பழைய கரியைக் கொட்டலாம், புதுக் கரியை நிரப்பலாம். ஆனால் ஓட்டையை எப்படி அடைப்பது? பசை ஒத்துவரவில்லை, தண்ணீர் அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டது. கடைசியில் லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனாள். அவர் மூடியை வட்டமாகக் கடைந்து எடுத்து, மரை வெட்டி, ஜாடி மூடி மாதிரி திருகித் திறக்கும்படி செய்து கொடுத்தார். ஒருமுறை மரை வெட்டிவிட்டால் அந்தக் குழாயை எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து மூடலாம். அதைப் பார்த்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டறையிலிருந்து வீடு வரை அந்த மூடியைத் திருகித் திருகித் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

குடிநீருக்கென்றே விற்கும் தேங்காய் ஓட்டுக் கரியை வாங்கிவந்து நிரப்பினாள். கரி வெளியே வராதபடி மேலும் கீழும் வட்டமாக வெட்டிய கம்பளித் தட்டு வைத்து அழுத்தினாள். சமையலறை ஃபில்டரில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

நாத்தனார் கையில் டம்ளரோடு தயாராக நின்றிருந்தாள். டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணி, இது குடிக்கறதுக்கா, பேனாவுல ஊத்தறதுக்கா?"

கரியைக் கழுவாமல் நிரப்பியதன் பலன். தூசு போகக் கழுவ எத்தனை வாளி தண்ணீர் ஆகும் என்பதை அந்த வாரம் கற்றுக்கொண்டாள். நாலு வாளி வரை மை, ஏழு வாளி வரை சாம்பல், பதினோராவது வாளியில் தெளிவு. கழுவின தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் மாடிப் படிக்கட்டையெல்லாம் கழுவிவிட்டாள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததே இல்லை என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்கப்போய்த்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் இருந்த டீச்சரம்மாவுக்கு விஷயம் எட்டியது.

டீச்சரம்மா மூன்றாவது மாடி. கதவைத் திறந்தார்.

"வணக்கம்மா, கார்ட்ரிட்ஜ் மாத்த வந்திருக்கேன்."

டீச்சரம்மா கண்ணைச் சுருக்கினார். "இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேனே. இருங்க, இருங்க… நீங்க அந்த 'எண் இரண்டை அழுத்தவும்'தானே?"

"ஆமாம்மா. நான்தான்."

"அம்மா தாயே! போன மாசம் முக்கால் மணி நேரம் உங்களோட பேசினேன். ஒரு கேள்விக்காவது பதில் சொன்னீங்களா?"

இருவரும் வாசலிலேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பழைய குழாயைக் கழற்றி, புதிதாகக் கரி நிரப்பிய குழாயை மாட்டிவிட்டு, பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் கரி மாற்றினால் அடுத்த வீட்டுக்கு ஆயிற்று. டீச்சரம்மா மூலம் எதிர் வீடு, எதிர் வீடு மூலம் கீழே இருந்த தையல் கடை, தையல் கடைக்கு வந்து போகிறவர்கள் மூலம் பக்கத்துத் தெரு. ஏழெட்டு மாதத்தில் நாற்பது வீட்டுக்கு மேல் ஆகிவிட்டது. கரியக்கா என்ற பேரும் அப்போது வந்ததுதான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வெயில் மாதம் வரை.

ஒரு திங்கட்கிழமை பத்துக் குழாய்களுக்குக் கரி கழுவி, நிரப்பி, மூடி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்தாள். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் மாட்டுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்து உட்கார முடியாத காய்ச்சல். பைகள் பால்கனி மூலையில் வெந்துகொண்டு கிடந்தன. எட்டு நாள் கழித்து எழுந்தபோது ஏழு வீட்டுக்காரர்கள் இரண்டு இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார்கள். சொன்ன வாரம் தாண்டிவிட்டதே என்று அவளுக்கு ஒரே பதைப்பு.

முதல் பையைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது. லேசாகத்தான். காயாத துணியை மடித்து வைத்த மாதிரி. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிளாஸ்டிக் பை வெயிலில் கிடந்த வாடையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புதன், வியாழன் இரண்டு நாளில் ஒன்பது வீட்டில் ஒன்பது குழாய் மாட்டினாள். பத்தாவதைப் புதன்கிழமையே தன் வீட்டில் மாட்டியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய் ஃபில்டர் தண்ணீரை அடைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வட்டமான கண்ணாடித் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கெட்டியாக உறைந்த கூழ் மாதிரி ஒன்று. அதன்மேல் இடைவெளி இல்லாமல் வெளிர் மஞ்சள் புள்ளிகள் பூத்திருந்தன.

"இது என்ன?"

"நம்ம வீட்டுத் தண்ணி. இந்தக் கூழ்மேல ரெண்டு சொட்டு விட்டு ரெண்டு நாள் சூட்டுல வெச்சா, தண்ணியில இருக்கற கிருமி ஒவ்வொண்ணும் ஒரு புள்ளியா வளரும். எப்பவும் நாலு புள்ளி, அஞ்சு புள்ளிதான் வரும், அண்ணி. இந்தத் தடவை என்னால எண்ண முடியல."

மற்ற ஒன்பது வீடும் கரியக்காவின் கண்முன் வந்து நின்றன. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எப்பவும்னா? எத்தனை நாளா இப்படிப் பண்ணிட்டிருக்கே?"

"நீங்க முதல் குழாயை மாட்டின நாள்லேருந்து. ஆய்வுக்கூடத்துல மேடம்கிட்டக் கேட்டுட்டுத்தான் பண்றேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு என்னை வேவு பாத்திருக்கே!"

"சொல்லியிருந்தா நீங்க எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்ச தண்ணியைத் தருவீங்க. எனக்குச் சும்மா, சாதாரணமா வர்ற தண்ணிதான் வேணும். அதுலதான் உண்மை தெரியும்." நாத்தனாரின் குரல் சற்றுத் தணிந்தது. "அண்ணி, நான் உங்களைப் பரிசோதிக்கல. தண்ணியைத்தான் பரிசோதிச்சேன்."

 கரியக்கா ஃபில்டரிலிருந்து பத்தாவது குழாயைக் கழற்றினாள். மூடியைத் திருகித் திறந்து முகர்ந்தாள். அதே வாடை, இப்போது லேசாக இல்லை. விரலை உள்ளே விட்டால் கரிமணிகள் வழவழத்தன. கழுவின ஈரத்தோடு எட்டு நாள் வெயிலில் அடைத்து வைத்திருந்தால் வேறு என்ன ஆகும்? குழாய்த் தண்ணீரில் கலந்து வரும் கிருமிநாசினி மருந்தைக் கரி உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகு உள்ளே கிருமி வளர்ந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

"எனக்கு வாடை தெரிஞ்சுது," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "புதன்கிழமை காலையிலயே தெரிஞ்சுது. பிளாஸ்டிக் வாடைன்னு நானே எனக்குப் பொய் சொல்லிக்கிட்டேன்."

நாத்தனார் அந்தத் தட்டை எடுத்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். இடித்துக் காட்டியிருந்தால்கூடக் கரியக்கா தாங்கியிருப்பாள்.

மணி ஒன்றே முக்கால். கணவருக்கு அன்றைக்கு விடுமுறை. கடைத்தெருவுக்குப் போய் ஒன்பது புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கி வரச் சொன்னாள். அவர் "ம்" கூடச் சொல்லாமல் கிளம்பினார். அவர் வருவதற்குள் ஒன்பது வீட்டுக்கும் போன் பண்ணி, "ஃபில்டர் தண்ணியைக் குடிக்காதீங்க, வந்து சொல்றேன்" என்றாள். ஏழு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் எடுக்கவில்லை. அந்த இரண்டில் ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருந்தது.

அங்கேதான் முதலில் ஓடினாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் கீழே வருவதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டியபோது மூச்சு இரைத்துப் பேச்சு வரவில்லை. குழந்தையின் அம்மா பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"அந்தத் தண்ணியா? குடுக்காதீங்க. குடுக்காதீங்க."

சொல்ல வேண்டியதை வாசலில் நின்றே சொன்னாள். ஈரமாக அடைத்து வைத்ததை, வாடை வந்ததை, வந்தும் மாட்டியதை. எதையும் விழுங்கவில்லை. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. புட்டியிலிருந்த பாலைத் தொட்டியில் கொட்டினாள். 

"மூணு நாளா இதுலதான் பால் கலக்கறேன். இன்னிக்கு வந்து சொல்றீங்க? உங்களுக்கு என்ன தைரியம் இருந்தா…" புட்டியைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, "முதல்ல இந்த மெஷினைச் சுவத்துலேருந்து கழட்டுங்க. எனக்கு எதுவும் வேண்டாம்," என்று கத்தினாள்.

குழந்தை தொட்டிலில் கால் உதைத்துக்கொண்டு சிரித்தது. கரியக்கா மெஷினைக் கழற்றி, குழாய் முனையை அடைத்து, ஈரத்தைத் துடைத்து, வெளியே வந்தாள். கதவு முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது.

மற்ற வீடுகளில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. தையல் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார், "சரி, மாத்திட்டுப் போங்க," என்று மறுபடி எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் அவள் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள், மலிவைப் பார்த்துப் போனால் இப்படித்தான் என்று. இன்னொரு வீட்டில் கம்பெனி கார்ட்ரிட்ஜே தேவலை என்று சொல்லிப் புதியதையும் வாங்கிக்கொண்டு இனி வர வேண்டாம் என்றார்கள். டீச்சரம்மா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

"நீங்க வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"அப்போ ஏன் சொன்னீங்க?"

கரியக்கா யோசித்தாள். "எனக்குத் தெரியுமே."

எட்டு வீடு ஆயிற்று. போன் எடுக்காத இன்னொரு வீடு பூட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்கால வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி அவள் முழங்காலுக்கு வந்தபோது கீழிருந்து யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. நாத்தனார். கையில் ஒரு பிளாஸ்கில் டீ.

"எதுக்கு வந்தே?"

"எத்தனை வீடு ஆச்சுன்னு எண்ணிப் பாக்க வந்தேன். நீங்க சொன்னா நான் நம்புவேனா?"

அன்றைக்கு முதல்முறையாகக் கரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியிலேயே மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். மூன்று வருஷத்தில் அவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. ஆறரை மணிக்கு வீட்டுக்காரர்கள் காய்கறிப் பைகளோடு வந்தார்கள். ஒன்பதாவதும் மாறியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஒரு வாரம் அவள் காலையில் எழுந்ததும் ஒன்பது வீட்டு நலமும் விசாரித்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தாள். ஐந்தாவது மாடிக்கு மட்டும் நேரிலேயே போவாள். முதல் மூன்று நாள் பதில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது: "நல்லாத்தான் இருக்கு. போங்க." நான்காம் நாள் கதவு பாதி திறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். "பாருங்க. நல்லா இருக்கு. இனிமே வர வேண்டாம், நீங்களும் உடம்பைப் பாத்துக்கங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கரிச் சாக்கைக் கட்டி, டிரில்லிங் மெஷினைத் துடைத்து, அலமாரி மேல் வைத்தாள். ஒரு மாதம் தொடவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். பழைய கம்பெனி மாதிரி வேறு ஏதாவது இடத்தில் குரலுக்கு வேலை கிடைக்குமா என்று இரண்டு இடத்தில் விசாரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஸ்டூல் போட்டு ஏறி அந்த மெஷினைக் கீழே இறக்கினாள்.

"நீங்க நிறுத்தறதுக்காகவா நான் டெஸ்ட் பண்ணினேன்?"

"போதும்மா. ஒரு குழந்தை குடிச்சிருக்கு."

"அதனாலதான் சொல்றேன். தப்பு கரியில இல்லை, ஈரத்துல இருந்துச்சு. உலர்ந்த கரியை நிரப்பி மூடி வெச்சா மாசக்கணக்குல ஒண்ணும் ஆகாது. கழுவறதை மாட்டற வீட்டுலயே, அவங்க கண்ணு முன்னாலயே செய்யுங்க. நான் அஞ்சாறு விதமா வெச்சுப் பாத்துட்டேன், தட்டெல்லாம் ஆய்வுக்கூடத்துல இருக்கு. வந்து நீங்களே எண்ணிக்கங்க."

அவள் போய் எண்ணினாள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரைநாள் எண்ணினாள். மூன்று புள்ளி, ஐந்து புள்ளி, இரண்டு புள்ளி. ஒரு தட்டில் ஒன்றுமே இல்லை.

மறுபடி ஆரம்பித்தபோது வேலையின் முகமே மாறியிருந்தது. காலிக் குழாய்களைக் கிருமிநாசினித் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் எலும்பு மாதிரி காயவிட்டுத்தான் நிரப்பினாள். வீட்டில் மாட்டிய பிறகு வாளியை வைத்துத் தண்ணீரை ஓடவிடுவாள். மை மாதிரி வருவதையும் தெளிவதையும் வீட்டுக்காரர்களே நின்று பார்ப்பார்கள். நிரப்பிய தேதியும், மறுபடி மாற்ற வேண்டிய தேதியும் எழுதிய ஒரு சீட்டு குழாயில் ஒட்டியிருக்கும். பத்துக் குழாய்க்கு ஒன்று நாத்தனாரின் தட்டுக்குப் போகும். எது போகும் என்று அண்ணிக்குச் சொல்ல மாட்டாள், அது மட்டும் பழையபடிதான். முடியாததை முடியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டாள். கரியே இல்லாமல் மெல்லிய சவ்வுத் தாளைச் சுருட்டி வைத்த கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தால், "இதை என்னால நிரப்ப முடியாதுங்க, கடையிலயே மாத்துங்க," என்பாள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று வந்தவர்களைக் கரியால் ஒன்றும் ஆகாது என்று திருப்பி அனுப்பினாள்.

ஐந்தாவது மாடிப் பெண் திரும்ப அவளிடம் கார்ட்ரிட்ஜ் மாற்றவே இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறாள். ஆனால் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் கூட்டத்தில் குப்பை அதிகமாகிறது, கார்ட்ரிட்ஜ்களைக் கரியக்காவிடம் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தபோது எழுந்து நின்றது அவள்தான்.

"எனக்கு அவங்க மேல இன்னும் கோபம் இருக்கு," என்றாளாம். "ஆனா தப்பு பண்ணிட்டு அஞ்சு மாடி ஓடி வந்து சொன்னவங்க வேற யாரும் எனக்குத் தெரியாது. நான் வாங்கல, நீங்க வாங்கலாம்."

இதை அந்தக் கட்டடத்திலேயே இருக்கும் டீச்சரம்மாவின் சிநேகிதி ஒருத்தி வந்து கரியக்காவிடம் அப்படியே ஒப்பித்தாள். கரியக்கா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை காலை ஒரு நீள மேசை போடுகிறார்கள். அறுபது வீட்டுக்காரர்கள் தங்கள் குழாயைத் தாங்களே கொண்டுவந்து, தாங்களே திறந்து, பழைய கரியை ஒரு தொட்டியில் கொட்டி, குழாயைக் கிருமிநாசினித் தண்ணீரில் அலசிக் காயவைத்து, புதியதை அளந்து நிரப்புகிறார்கள். கரியக்கா மேசையைச் சுற்றி வந்து கம்பளித் தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பாள். லேத் பட்டறைக்காரர் மரை தேய்ந்த மூடிகளை வாங்கிப் போவார். கணவர் கொட்டகைத் தூணில் காற்றுக் குழாய் ஒன்று இழுத்து, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் கருவி ஒன்றைத் தானாகவே செய்து மாட்டினார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களுக்குக் கால் மணி நேரம் விளக்கினார். வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

போன சனிக்கிழமை கூட்டம் சற்றுக் குறைந்த பிறகு, இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி.

"தப்பா நினைக்காதீங்க. இது மீன் தொட்டி ஃபில்டர். இதுக்கும் போடுவீங்களா?"

கரியக்கா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு கைப்பிடிக் கரி, வழவழத்துப் போயிருந்தது. "போடலாமே. எத்தனை மீன்?"

"ரெண்டு. ஒண்ணு கொஞ்சம் சோர்ந்தாப்ல இருக்கு."

பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "அந்தத் தொட்டித் தண்ணி ஒரு டம்ளர் கொண்டு வாங்க ஐயா. மனுஷங்க வாடை வந்தா வாயத் திறந்து சொல்லுவாங்க. பாவம், மீன் எப்படிச் சொல்லும்?"

பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாக மாடிக்குக் கிளம்பினார். கரியக்கா மேசை ஓரத்தில் ஒரு துணியை விரித்து, அந்தச் சின்னப் பெட்டியின் நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.